தாத்தா எதுல போனாரு? (நீளமான இழை)

இன்னைக்கு மருந்து மாத்திரை பற்றி எதுவும் எழுதப் போறதில்லை. வம்சாவளி பற்றி. டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேப்பீங்க. பொறுமையா படிங்க, சொல்றேன்.

போன ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆடி ஞாயிறுன்னா பெரியபாளையம் எப்படி இருக்கும்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பவானி அம்மன் கோயிலைச் சுற்றி பொங்கல் அடுப்புப் புகை, வேப்பஞ்சேலை கட்டி வரும் கூட்டம், ரோட்டில் நகராத பஸ். கிளினிக்குக்கு அன்றைக்கு வருவதெல்லாம் மயக்கம், வாந்தி, தொலைந்து போய் அழுது காய்ச்சல் வந்த குழந்தை.

அப்படித்தான் ஒரு அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். சர்க்கரை 52. விரதம் இருந்திருக்காங்க, ஆனா காலைல சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காம போட்டிருக்காங்க. (விரதம் இருக்கிறவங்க தயவுசெஞ்சு இதைச் செய்யாதீங்க. அதுக்குத் தனியா ஒரு இழை போடறேன்.) குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். இங்கிலீஷில்! தமிழில் தெரிந்தது அம்மா, சாமி, கூழ் என்று பத்து இருபது வார்த்தை. ஊர் தென்னாப்பிரிக்காவில் டர்பன். அங்கேயும் இதே ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களாம்.

வழக்கம்போல, "வீட்ல வேற யாருக்கு சர்க்கரை?" என்று கேட்டேன். அந்த அம்மா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து என் மேஜையில் விரித்தார்கள்.

முதல் தாள், கப்பல் பட்டியலில் ஒரு வரியின் நகல். ஒரு எண். ஒரு பெயர். அப்பா பெயர். வயசு 22. ஜில்லா: செங்கல்பட்டு. ஊர்ப் பெயர் வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்த மாதிரி எழுதப்பட்டிருந்தது, என்னால் எந்த ஊர் என்று சொல்ல முடியவில்லை. கடைசிக் கட்டத்தில் உடல் அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு.

இரண்டாவது தாளில் கையால் வரைந்த குடும்ப மரம். அந்த 22 வயசுக்காரரில் தொடங்கி பேரப்பிள்ளைகள் வரை ஆறு தலைமுறை. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இறந்த வயசும் காரணமும். 61, மாரடைப்பு. 58, சர்க்கரை, கால் எடுத்தது. 70, சிறுநீரகம். நான் கேட்ட கேள்விக்கு ஒரு நிமிஷத்தில் பதில் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு குடும்ப வரலாறு எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

அந்த அம்மாவைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்த அதே வாரம்தான் அவர் வந்தார். (அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) 38 வயசு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. நாலு மாசம் முன்னாடியே என்கிட்ட வந்தவர்தான். மலத்தில் ரத்தம், "மூலம்தான் சார், கம்பெனி சாப்பாடு, நைட் ஷிஃப்ட், சூடு" என்றார். பார்த்தேன், சின்னதாக மூலமும் இருந்தது. மருந்து எழுதினேன். வழக்கமான கேள்வியும் கேட்டேன்: "வீட்ல யாருக்காவது கேன்சர் இருக்கா?" "இல்ல சார்." சீட்டில் என் கையால் எழுதியது இன்னும் இருக்கிறது: குடும்ப வரலாறு, இல்லை.

இந்த முறை வந்தபோது ஆள் பாதியாக இருந்தார். ஹீமோகுளோபின் 7.4. இப்போது கேள்வியை மாற்றிக் கேட்டேன்.

"அப்பா இருக்காங்களா?"

"இல்ல சார். நான் பத்தாவது படிக்கும்போதே தவறிட்டாரு."

"எதுல?"

"மூலம் சார். மூலம் முத்திப் போச்சுன்னாங்க. 45 வயசு."

"பெரியப்பா, சித்தப்பா?"

"பெரியப்பா வயித்துக் கட்டில போனாரு. அவருக்கும் அம்பது இருக்காது."

"தாத்தா?"

"அவரை அப்பாவே சரியா பார்த்ததில்ல சார். எதுல போனாருன்னு யாருக்கும் தெரியாது."

மூலத்தில் யாரும் 45 வயசில் செத்துப் போவதில்லை மக்களே. மூலம் முத்திப்போய் ஆள் இளைத்து வயிறு வீங்கி இறந்தார் என்று ஒரு வீட்டில் சொன்னால், அது பெரும்பாலும் வேறு ஏதோ. சென்னைக்கு அனுப்பினேன். கொலனோஸ்கோபியில் பெருங்குடலில் புற்றுநோய், கூடவே நிறைய பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் மரு மாதிரி வளர்ச்சிகள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் கேன்சர் என்ற வார்த்தையையே யாரும் கேள்விப்படவில்லை. மூலம், வயித்துக் கட்டி என்றுதான் இருந்தது. நாலு மாசம் முன்னாடி நான் "எதுல போனாரு" என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

இங்கே அமெரிக்கக் கதை ஒன்று சொல்லியாக வேண்டும்.

யூட்டா மாநிலத்தில் ஒரு பெரிய குடும்பம். தலைமுறை தலைமுறையாகப் பெருங்குடல் புற்றுநோய். அங்கிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி நியூயார்க்கில் இன்னொரு குடும்பம், அதே நோய். ஒருவரை ஒருவர் தெரியாது. இரண்டு குடும்பத்திலும் ஏ.பி.சி. என்ற மரபணுவில் அச்சு அசலாக ஒரே பிழை. தனித்தனியாக அதே இடத்தில் அதே எழுத்து விழுந்திருக்குமா? யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடும்ப மரங்களை எடுத்துப் பின்னோக்கிப் போனார்கள். மகன், அப்பா, தாத்தா, அவருக்குத் தாத்தா என்று போய், இரண்டு மரமும் ஒரே தம்பதியில் வந்து சேர்ந்தது. 1630 வாக்கில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவில் குடியேறிய கணவனும் மனைவியும்! 2008ல் அந்த ஆய்வு வெளியானது. யூட்டா கிளையில் மட்டும் பதிவில் இருப்பவர்கள் 7,000க்கும் மேல், ஒன்பது தலைமுறை.

இதனால் என்ன லாபம்? அந்தப் பிழை உள்ளவர்களுக்கு, எதுவும் செய்யாமல் விட்டால் 80 வயசுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு மேல் புற்றுநோய் வரும். பொதுவாக அமெரிக்கர்களில் அது சுமார் 24 பேரில் ஒருவருக்கு. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் பாலிப் நிலையிலேயே வெட்டி எடுத்துவிடலாம். யாருக்குப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அந்த மரமே சொல்லிவிடுகிறது.

யூட்டாவில் இது முடிந்ததற்குக் காரணம் பெரிய மெஷின் எதுவும் இல்லை. அங்கே மோர்மன் சபையினர் அதிகம். முன்னோர் பெயர்களைத் தேடி எழுதி வைப்பது அவர்களுக்கு மதக் கடமை. அந்த வம்சாவளி ஏடுகளையும் மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டையும் பல்கலைக்கழகம் ஒன்றாக இணைத்தது. அவ்வளவுதான். புற்றுநோய்ப் பதிவேடு நம்மிடமும் இருக்கிறது, சென்னையில் 1980களிலிருந்து அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்துகிறது. இணைப்பதற்கு இன்னொரு பாதி வேண்டுமே, அது நம்மிடம் இல்லை.

டர்பன் அம்மாவிடம் மட்டும் எப்படி வந்தது? அதுவும் அன்பால் எழுதிய பதிவு இல்லை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது, மசூலா படகில் அலை தாண்டிப் போய்த்தான் கப்பலேற வேண்டும். நவம்பர் 16ல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைக் கடற்கரையில் ஏறியவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், மாசம் பத்து ஷில்லிங். ஓடிப்போனால் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அப்பா பெயர், ஜில்லா, ஊர், தழும்பு எல்லாம் எழுதினார்கள். பெண்களுக்கும் தனி எண். இதில் அசிங்கம் என்னவென்றால், ஒரு மனிதனைச் சரக்கு மாதிரி எண் போட்டு அனுப்பிய அந்தத் தாள்தான் இன்றைக்கு அவர் பேத்திக்குச் சொந்த ஊரைத் தேட மிஞ்சிய ஒரே வழி. 1980களில் டர்பனில் பேராசிரியர் ஜாய் பிரெய்ன் இந்தப் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைச் செய்தார். அதன் பிறகு தேடுவது கொஞ்சம் சுலபமானது.

அந்தக் காலச் செங்கல்பட்டு ஜில்லாவில்தான் நம்ம திருவள்ளூர், பொன்னேரி, ஊத்துக்கோட்டை எல்லாம் இருந்தது. 1997ல்தான் தனி மாவட்டம். ஆக, அந்த 22 வயசுக்காரரின் அண்ணன் தம்பி வாரிசுகள் இன்றைக்கும் இங்கேயே என் கிளினிக் வரிசையில் நிற்கலாம். கடல் தாண்டிப் போனவருக்கு ஆறு தலைமுறை தெரியும். எங்கேயும் போகாமல் இங்கேயே இருந்தவருக்குத் தாத்தாவுக்கு மேல் தெரியாது.

ஏன் தெரியாதுன்னு யோசிச்சுப் பாத்தேன். ஒரு காரணம் இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒவ்வொரு தலைமுறையிலும் முன்னெழுத்து மாறிவிடும். டர்பன் போனவர்களுக்கு கோவெண்டர், மூட்லி என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. நாம் இங்கே 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டவர்கள். அது சரியான முடிவு, இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நான் வம்சாவளி எழுதுங்க என்றதும் சிலர் கமெண்டில் வந்து "எங்க வம்சம் அந்த ராஜாகிட்ட..." என்று ஆரம்பிப்பார்கள். அண்ணே, உங்க ராஜா கதை எனக்கு வேண்டாம். அந்த ராஜாவுக்குச் சர்க்கரை இருந்துச்சான்னு தெரிஞ்சா சொல்லுங்க.

இன்னொரு காரணம், நம்ம ஊரில் குடும்ப மரம் வரைவது சொத்துக்கு மட்டும்தான். வாரிசு சான்றிதழ் வாங்கும்போது, பட்டா மாற்றும்போது, கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடக்கும்போது. நிலம் இல்லாதவர்களுக்கு அந்த மரமும் இல்லை. நிலம் இருந்தாலும் அதில் ஆண் வாரிசுகளின் பெயர்தான் ஒழுங்காக இருக்கும். அத்தைகளும் பெரியம்மாக்களும் கல்யாணமாகிப் போன ஊரோடு காணாமல் போய்விடுவார்கள். ஆனா மக்களே, மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு அப்பா வழியாவும் வரும். உங்க அப்பாவோட அக்கா எதுல இறந்தாங்கங்கிறது உங்க மகளுக்கு முக்கியம்.

இத்தனைக்கும் நம்மிடம் பதிவே இல்லாமல் இல்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்க. தோற்றம் இந்தத் தேதி, மறைவு இந்தத் தேதி என்று போட்டோவோடு இருக்கும். காரணம் மட்டும் இருக்காது. கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பாட்டி பெயர் இருக்கும். பழைய ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாம் பீரோவில் ஏதோ ஒரு மஞ்சப்பைக்குள் இருக்கும். அதையெல்லாம் ஒரே தாளில் கொண்டு வருவதுதான் வேலை.

பெரியவங்ககிட்ட எப்படிக் கேக்கணும்னு மட்டும் சொல்றேன், ஏன்னா நானே தப்பா கேட்டவன். "யாருக்காவது கேன்சர் இருந்துச்சா" என்று கேட்டால் "சீச்சீ, நம்ம குடும்பத்துல அதெல்லாம் இல்லப்பா" என்றுதான் வரும். "கடைசி ஒரு வருஷம் தாத்தா எப்படி இருந்தாரு?" என்று கேளுங்கள். இளைச்சாரா, ரத்தம் போச்சா, மூச்சு வாங்குச்சா, கால் வீங்குச்சா, நல்லா இருந்தவர் ராத்திரி படுத்து எழுந்திருக்கலையா. "எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேளுங்கள், இது ரொம்ப உதவும். நோயின் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் பாட்டி ஆஸ்பத்திரி பெயரைத் தயங்காமல் சொல்வார். நம்ம பக்கத்தில் "அடையாறுக்குக் கூட்டிட்டுப் போனோம்" என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். "தாம்பரம் சானடோரியத்துல வச்சிருந்தோம்" என்றால் காசநோய். செய்வினை, காத்துக் கருப்பு என்று சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். நல்லா இருந்த 30 வயசுப் பையன் ஓடும்போது விழுந்து செத்துப்போன "காத்துக் கருப்பு" ஒரு டாக்டருக்கு இதயத் தசை நோயாகத் தெரியலாம். இதயத் தசையைப் பலவீனமாக்கும் ஒரு மரபணு மாற்றம் நம் நாட்டில் நூற்றில் சுமார் நாலு பேருக்கு இருப்பதாக 2009லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

வயசு ரொம்ப முக்கியம். 80 வயசில் மாரடைப்பு என்றால் அது முதுமை. ஆணுக்கு 55க்கு முன்னாடி, பெண்ணுக்கு 65க்கு முன்னாடி என்றால் அது பிள்ளைகளுக்கான எச்சரிக்கை. பெருங்குடல் புற்றுநோயில் பொதுவான கணக்கு, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அண்ணனுக்கோ எந்த வயசில் வந்ததோ அதற்குப் பத்து வருஷம் முன்னாடி அல்லது 40 வயசில், எது முதலோ அப்போது உங்களுக்குக் கொலனோஸ்கோபி. 45ல் இறந்த அப்பாவின் மகன் 35ல் பார்த்திருக்க வேண்டியது. எங்க கும்மிடிப்பூண்டிக்காரர் மூணு வருஷம் தாமதம்.

ஆபரேஷன் மயக்க மருந்தில் யாருக்காவது பிரச்சனை ஆனதா என்பதையும் கேளுங்கள். இதுவும் சின்ன விஷயம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஜெஃப்ரி டீன் என்று ஒரு டாக்டர், சாதாரண மயக்க மருந்து, தூக்க மருந்து கொடுத்தவுடன் சில நோயாளிகள் கை கால் செயலிழந்து சாவதைப் பார்த்து, அவர்களின் குடும்ப மரங்களைத் தேடிக் கிளம்பினார். போர்ஃபிரியா என்ற அந்தப் பரம்பரைக் கோளாறு, 1688ல் அங்கே கல்யாணம் செய்துகொண்ட ஒரு டச்சுத் தம்பதி வரை போய் நின்றது. எந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்ததும் அந்தச் சாவுகளைத் தடுக்க முடிந்தது.

அத்தை மகள், மாமன் மகன் கல்யாணங்களையும் மரத்தில் இரட்டைக் கோடு போட்டுக் காட்டுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 28 சதவீதம் பெண்கள் சொந்தத்தில் கல்யாணமானவர்கள். யாரையும் குத்தம் சொல்லல, என் தாத்தா பாட்டியே அப்படித்தான். ஆனா சின்ன வயசில் இறந்த குழந்தைகள், காது கேட்காத குழந்தைகள் பற்றியும் சேர்த்து எழுதுங்கள். "அதுக்கு முன்னாடி ரெண்டு பொறந்து போச்சு" என்று பாட்டி ஒரே வரியில் தாண்டிப் போவார். அந்த ரெண்டுக்கும் கட்டம் போடுங்கள்.

ஒரு பயம் வரும், அதையும் சொல்லிடறேன். "இதெல்லாம் எழுதி வச்சா பொண்ணுக்கு வரன் வராதே டாக்டர்." நியாயமான பயம்தான், கிராமத்தில் இருந்துகொண்டு இதை நான் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் இதை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள், டாக்டரிடம் மட்டும் காட்டுங்கள். அப்புறம், மரத்தில் நோய் இருப்பதால் உங்களுக்கு வந்தே தீரும் என்று இல்லை. இல்லாததால் வராது என்றும் இல்லை. எச்சில் துப்பி அனுப்பினால் உங்கள் பூர்வீகத்தைச் சொல்கிறோம் என்கிற கம்பெனிகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னாடி, வீட்டில் இருக்கும் 80 வயசுப் பெரியம்மாவிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவங்க சொல்றது இலவசம். அவங்க போயிட்டா எந்தக் கம்பெனியும் அதைத் தர முடியாது.

நிறைய பேர் கேப்பீங்க, அதனால சொல்றேன். அவருக்கு ஆபரேஷன் முடிந்தது, மருந்து போய்க்கொண்டிருக்கிறது, வேலைக்குத் திரும்ப இன்னும் நாளாகும். அவர் தங்கை 33 வயசு, ஊத்துக்கோட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்தது. "எனக்கு ஒண்ணுமே இல்லையே, நான் எதுக்கு வரணும்?" என்று இரண்டு மாசம் இழுத்தடித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போனார். ஒன்பது பாலிப். ஒன்றிலும் புற்றுநோய் இல்லை, எல்லாவற்றையும் எடுத்தாச்சு. வருஷா வருஷம் பார்க்க வேண்டும். பெரியப்பா பிள்ளைகள் மூணு பேரில் ஒருத்தர் வந்திருக்கிறார், இரண்டு பேர் இன்னும் போனை எடுக்கவில்லை.

டர்பன் அம்மா தேடி வந்த ஊரும் கிடைக்கவில்லை. நாலைந்து ஊர்ப் பெயர்களை எழுதிக் கொடுத்தேன், அடுத்த ஆடிக்கு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.

எழுதச் சொல்ற நான் எழுதினேனான்னு கேப்பீங்க. போன வாரம் ஒரு ராத்திரி உட்கார்ந்து என் குடும்ப மரத்தை வரைந்தேன். அப்பா வழித் தாத்தா, 52, "நெஞ்சு வலி". அவருடைய அம்மா, அதாவது என் கொள்ளுப்பாட்டி கட்டத்தில் வயசு இல்லை, காரணம் இல்லை, பெயரே இல்லை. அத்தைக்கு 84 வயசு, ஆரணியில் இருக்காங்க, காது கொஞ்சம் மந்தம். வர்ற ஞாயித்துக்கிழமை கிளினிக் லீவு. நோட்டோட போறேன்.